கம்பிக்கு வெளியே நின்றவர்

நண்பரே,

இன்று முற்பகல் என் முதலுதவி அறைக்குள் ஒரு வாடை நுழைந்தது. சூடேறிய எண்ணெயும் கருகிய காகிதமும் கலந்த வாடை. ஓய்வுக்குப் பிறகு ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் நான் பார்க்கும் வேலை உமக்குத் தெரியும். வெட்டுக்காயம், தலைவலி, கண்ணில் விழுந்த தூசி, அவ்வளவுதான். ஒரு பெண்ணின் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்துவிட்டேன். பக்கத்து அறையில்தான் மின்பலகைகள் இருக்கின்றன. அங்கே சாம்பல் நிற அலமாரி ஒன்றின் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுக்கியிருந்த தகரப் பெட்டிகளில் ஒன்று வயிறு ஊதி, தையல் விட்டு, எண்ணெயைக் கக்கியிருந்தது.

இளம் எஞ்சினியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒன்னுமில்ல அங்கிள், பவர் ஃபேக்டர் கப்பாசிட்டர்லா. ஒன்னு போயிருச்சு, மாத்திட்டா சரி" என்றார். சுவிட்சை அணைத்தாயிற்று என்ற தைரியத்தில் கையை உள்ளே நீட்டினார். என்னையறியாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். கோலால் தட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போய், மரப்பிடி போட்ட கம்பியை எடுத்துவந்து தட்டினார். நீலமாக ஒரு பொறி பறந்தது. அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. காயத்துக்குக் கட்டுப்போடும் ஒரு டிரெஸ்ஸருக்கு இது எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார். ஒரு சிநேகிதர் சொல்லிக் கொடுத்தது என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீர் போய் ஒரு வருடம் நெருங்குகிறது. முதலில் உம்மை 'நீங்கள்' என்றுதான் அழைத்தேன். யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் நீர் என்னை 'நீர், உம்மை' என்று பேசப் பேச, எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. இந்தத் தாளிலும் அப்படியே இருக்கட்டும்.

நாம் சந்தித்த, நான் டிரெஸ்ஸராக இருந்த ரப்பர் தோட்டம் ஜாசினுக்கும் செர்காமுக்கும் நடுவில் இருந்தது. கடற்காற்று அடிக்கும் அந்திகளில் வெயிலில் காயும் பிலாச்சான் இறால் விழுதின் நாற்றம் ரப்பர் மரங்களைத் தாண்டி வரும். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டையிட்ட அவசர காலம் அது. தனித்தனியாக இருந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து, எல்லாரையும் ரப்பர் ஆலையைச் சுற்றிக் குடிவைத்து, முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்பதற்காகச் சோறு ஒரே இடத்தில் பொங்கி அளந்து கொடுக்கப்பட்டது. பொழுது சாய்ந்தால் வாசல் அடைபடும். வேலி நெடுக விளக்குக் கம்பங்கள். அவற்றுக்கும் ஆலையின் உருளை மிஷின்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு டீசல் எஞ்சின்தான் மின்சாரம் கொடுத்தது.

ஆலையின் பின்சுவரை ஒட்டியிருந்த வேலி மூலையில்தான் வீரையா செத்தான். தோட்டக் காவலுக்கு எடுத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அவன். ரப்பர்க் காய் வெடிக்கும் பருவம். அந்தி நேரத்தில் அவன் மூலையில் காவல் நின்றபோது விளக்கு திடீரென்று மங்கியது. மரத்தில் ஒரு காய் படீரென்று வெடித்தது. சுட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அடுத்த கம்பத்தருகே நின்ற சக காவலன் இருட்டில் அசைந்த உருவத்தைச் சுட்டான். அந்த உருவம் வீரையா. நான் ஓடிப்போனபோது நாடி என் விரலுக்கடியில் இருந்தது. பிறகு இல்லை. சுட்டவன் மறுநாளே தோட்டத்தை விட்டுப் போய்விட்டான். வீரையாவின் மனைவி அஞ்சலை, உருளை மிஷினில் ரப்பர் பிழிபவள், கைக்குழந்தையோடு நின்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு எல்லாருடைய கண்ணும் அந்த மூலை மேலேயே இருந்தது. அந்தியில் விளக்குகளை ஏற்றுவார்கள். தேநீர் இடைவேளை முடிந்து மிஷின்கள் கிளம்பும். உடனே விளக்குகள் எல்லாம் சற்று வாடும். மூலையில் இருந்த கடைசி விளக்கு மட்டும் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து போகும். முன்பும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், யாரும் கவனித்ததில்லை. இப்போது, அங்கே ஏதோ நின்று வெளிச்சத்தைக் குடிக்கிறது என்றார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. காவலர்கள் மூலைக் காவலுக்குப் போக மறுத்தார்கள்.

அஞ்சலை மட்டும் போனாள். விளக்கு சிவக்கும் நேரத்தில் மிஷினை விட்டு இறங்கி, ஒரு இலையில் கைப்பிடிச் சோற்றை வைத்து எடுத்துக்கொண்டு போவாள். கம்பிக்கு அடியில் கையை விட்டு அந்தப் பக்கம் வைப்பாள். கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்புவாள். விடிந்ததும் இலை காலியாகக் கிடக்கும். நாயோ உடும்போ தின்றிருக்கும். அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். அவர் வருகிறார் என்றாள். அவர் வரும்போது விளக்கு வெட்கப்பட்டுத் தலையைக் குனிகிறது என்றாள். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

ஒருநாள் போலீஸ் அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். வேலிக்கு வெளியே சோறு போவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் தினமும் ஒரே நேரத்தில் விளக்கு மங்குகிறது, மங்கியவுடன் சோறு போகிறது. எஞ்சின் அறையில் இருக்கும் மாணிக்கம் வேண்டுமென்றே விளக்கைத் தாழ்த்திக் காட்டுக்குச் சைகை கொடுக்கிறார், அஞ்சலை சோறு கொடுக்கிறாள் என்று அவர் முடிச்சுப் போட்டுவிட்டார். இருவரையும் காவலில் வைக்கப் போவதாகவும், தோட்டம் முழுவதற்கும் சோற்றைக் குறைக்கப் போவதாகவும் சொன்னார். தோட்டத்தை நடத்திய துரைக்கு மாணிக்கத்தின் மேல் நம்பிக்கை இருந்தது. யாராவது விவரம் தெரிந்தவர் வந்து விளக்கைப் பார்க்கட்டும், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சி அவகாசம் வாங்கினார். அப்படித்தான் மலாக்காவிலிருந்து மின்சார எஞ்சினியராக நீர் வந்து சேர்ந்தீர்.

வெள்ளைக் கால்சட்டை, தோல் பெட்டி, அதற்குள் அளவுக் கருவிகள். பொழுது சாய்ந்தால் வெளியே போக முடியாது என்பதால் உம்மை என் குவார்ட்டர்ஸில் தங்க வைத்தார்கள். வந்த அன்றைக்கே எஞ்சின் அறை, ஆலை, வேலி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தீர். மூலைக் கம்பத்தடியில் காலி இலையைக் கண்டு குனிந்தீர். இது என்ன என்று கேட்டீர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீர் இலையைத் தொடாமல் நிமிர்ந்தீர்.

மறுநாள் மாலை ஜன்னலருகே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். வாசலில் சோதனை நடந்துகொண்டிருந்தது, நெரிசல். விளக்கு ஏன் மங்குகிறது என்று உம்மைக் கேட்டேன். நீர் வாசலைக் காட்டினீர்.

"உந்த வாசலைப் பாரும். பாதிப் பேர் பால் வாளியோட வருகினம். மற்றப் பாதிப் பேர் சும்மா உள்ள வந்து சும்மா வெளியில போகினம். வாசலுக்கு ரெண்டும் ஒண்டுதான், நெரிசல்தான். மோட்டர் இழுக்கிற கரண்டும் அப்பிடித்தான். ஒரு பங்கு வேலை செய்யுது. மற்றப் பங்கு போய்ப் போய் வருது, வேலை ஒண்டும் இல்லை. ஆனா கம்பி முழுக்க அதுதான் நிக்குது."

அந்தப் போய்வரும் பங்குக்கு மிஷினின் பக்கத்திலேயே ஓர் இடம் கொடுத்துவிட்டால் அது எஞ்சின் வரைக்கும் அலையாது, கம்பி காலியாகும், விளக்குக்கு வேண்டியது தாராளமாகப் போய்ச் சேரும் என்றீர். அந்த இடம்தான் கப்பாசிட்டர். துரை இரண்டாவது எஞ்சின் வாங்க வேண்டியிருக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். சில தகரப் பெட்டிகளே போதும் என்று நீர் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

எனக்கு விளங்கியது. ஆனால் நீர் அதோடு நிறுத்தவில்லை. வெகுநேரம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் விளக்கைச் சரியாக்கினா, அந்தப் பிள்ளைக்கு அவர் வாறது நிண்டிடும், என்ன?" என்றீர். சரியாக்காவிட்டால் அந்தப் பெண் சிறைக்குப் போவாள் என்று நீரே சொல்லிக்கொண்டீர்.

பெட்டிகள் லாரியில் வந்தன. ஆலையின் பின்சுவருக்கு வெளியே, வேலிக்கு மிக அருகில், ஒரு கூரை இறக்கி அதன் கீழே வரிசையாக வைத்தீர். அதிகாரி வந்து நின்றார். எஞ்சின் அறைப் பலகையில் கரண்டின் அளவைக் காட்டும் முள்ளை அவருக்குக் காட்டினீர். மிஷின்களை ஓட்டச் சொன்னீர். முள் ஏறியது, விளக்கு சிவந்தது. பெட்டிகளை இணைத்தீர். மிஷின்கள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முள் மட்டும் யாரோ கையால் அழுத்தியது போல் இறங்கி நின்றது. வெளியே வந்து பார்த்தோம். மூலை விளக்கு மற்ற விளக்குகளைப் போலவே வெளுத்து எரிந்தது. மறுபடியும் கழற்றிக் காட்டுங்கள் என்றார் அதிகாரி. கழற்றினீர், சிவந்தது. இணைத்தீர், வெளுத்தது. சைகை கொடுக்க மாணிக்கம் எதையும் தொடவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சோறு வைத்தது புருஷனை இழந்த பெண்ணின் சடங்கு என்று நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி சோறு வேலிக்கு வெளியே போகக் கூடாது என்ற எச்சரிக்கையோடு விட்டார்.

தோட்டமே மூச்சு விட்டது. மாணிக்கம் உம் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஆனால் அந்த வெளிச்சம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை இப்போது சொல்கிறேன். இலையுதிர் காலம் தொடங்கியிருந்தது. மொட்டை மரங்கள் வரிசை வரிசையாக வேலிக்கு வெளியே நின்றன. முன்பு இருட்டு அவற்றை மூடியிருந்தது. இப்போது ஒவ்வொரு மரமும் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆள் நிற்கும் அகலத்துக்கு நிழல் விழுந்தது.

அஞ்சலை வேலைக்கு வந்தாள், போனாள். பேச்சு நின்றுவிட்டது. குழந்தைக்குப் பால் கொடுப்பாள், தான் சாப்பிடமாட்டாள். விளக்கு ஏற்றும் நேரத்தில் மிஷினருகே நின்றபடியே மூலையைப் பார்ப்பாள். அது மங்காது. எடை குறைந்துகொண்டே வந்தாள். நீர் ஊருக்குப் போகாமல் வேலையை இழுத்துக்கொண்டே இருந்தீர். ஏதோ அளக்க வேண்டும் என்று துரையிடம் காரணம் சொன்னீர். என்ன அளந்தீரோ, என் கண்ணுக்கு நீர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்.

பிறகு அந்த அந்தி.

மிஷின்கள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சின் அறையில் ஆலைக் கம்பிக்கான பெரிய சுவிட்ச் தானாகவே விழுந்துவிட்டது. மாணிக்கம் உள்ளேயிருந்து கத்தினார். மூலை விளக்குகளுக்கும் ஆலைக் கம்பியிலிருந்துதான் இணைப்பு. ஆகவே அவை அணைந்திருக்க வேண்டும். நாம் இருவரும் என் வாசலில் நின்றிருந்தோம். அவை அணையவில்லை. மின்சாரம் போன பிறகு, முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தன. அப்படி ஒரு வெள்ளையை அந்தக் கம்பத்தில் நான் பார்த்ததே இல்லை. வேலிக்கு வெளியே மரப்பட்டையில் வெட்டிய கோடுகள்கூடத் தெரிந்தன. எங்கிருந்தோ ஒரு முனகல் வேறு, ஏறி இறங்கி.

ஆலையிலிருந்து அஞ்சலை வெளியே வந்தாள். வேகமாக நடக்கவில்லை. புதுப்பெண் மாதிரி சேலையைத் திருத்திக்கொண்டு மூலையை நோக்கிப் போனாள். காவல் கோபுரத்திலிருந்த மலாய்க் காவலர் எழுந்து துப்பாக்கியைத் தோளில் வைத்தார். நீர் கையில் இருந்த கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினீர். துப்பாக்கிக்கும் அவளுக்கும் நடுவில் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றீர். மலாயில் ஏதோ சொன்னீர். காவலர் சுடவில்லை. விளக்கு வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு வந்தது, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு. மற்றவை எல்லாம் அவிந்த பிறகும் மூலையில் கடைசி விளக்கில் இழை மட்டும் நெடுநேரம் சிவந்திருந்தது. அதுவும் போயிற்று. நான் வந்து சேர்ந்தபோது அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை.

"இத்தன நாளும் உருவந்தான் தெரிஞ்சிச்சு. இன்னிக்குத்தான் மூஞ்சி தெரிஞ்சிச்சு" என்றாள். "ரொம்பக் களைச்சிப் போயிட்டாரு."

அன்று நீர் சாப்பிடவில்லை. என்ன நடந்தது என்று எனக்கு விளக்கிச் சொன்னீர். சுவிட்ச் விழுந்தாலும் மிஷினின் கனத்த சக்கரம் உடனே நிற்பதில்லை. சுழன்றுகொண்டிருந்த மோட்டாருக்கு அந்தத் தகரப் பெட்டிகள் ஊட்டம் கொடுத்துவிட்டன. மோட்டாரே சற்று நேரத்துக்கு ஜெனரேட்டராகி விளக்கை எரித்தது. தேவைக்கு மேல் பெரிய பெட்டியைப் போட்டது உம்முடைய கணக்கு என்றீர். அது ஆபத்து, செத்த கம்பி என்று நம்பி யாராவது தொட்டால் அவ்வளவுதான். ஒரு பெட்டியைக் கழற்றி, விளக்குக் கம்பியைத் தனியாகப் பிரித்துவிட்டால் இனி அப்படி வராது. எல்லாம் தெளிவாகத்தான் சொன்னீர். ஆனால் கடைசி விளக்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம் சிவந்திருந்தது என்று நான் கேட்டதற்கு நீர் திரும்பிப் படுத்துக்கொண்டீர்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் பெட்டியைக் கழற்றப் போகாமல் முதலில் அஞ்சலையைத் தேடிப் போனீர். நானும் கூட வந்தேன். ஓர் எஞ்சினியர் மின்கம்பியை மாற்ற மிஷின்காரப் பெண்ணிடம் உத்தரவு கேட்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. இந்தக் கம்பியை மாற்றினால் அவர் இனி வரமாட்டார், அவளுக்குச் சம்மதமா என்று கேட்டீர். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"மாத்துங்க ஐயா. எத்தன நாளைக்குத்தான் அவரு கம்பிக்கு வெளியவே நிப்பாரு."

மிஷின்களை நிறுத்தினார்கள். ஆலை அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. நல்ல வெயில். சுவிட்சை அணைத்து, கோலால் ஒவ்வொரு பெட்டியையும் தட்டினீர். பொறி பறந்தது, அடங்கியது. இரண்டாவது முறையும் தட்டினீர், ஒன்றுமில்லை. எனக்கு அதைக் காட்டி, கரண்டை அணைத்தாலும் இது வைத்துக்கொண்டிருக்கும், தட்டாமல் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தீர். பிறகு கடைசிப் பெட்டியின் இணைப்பைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கினீர். தூக்கிய நிலையிலேயே உம் முகம் மாறியது. சத்தம் வரவில்லை. பெட்டி விழுந்தது. நீர் பின்னால் சாய்ந்தீர்.

ஓடிவந்து பார்த்தேன். உதடு நீலம். மூச்சு இல்லை. குப்புறப் போட்டு, முதுகை அழுத்தி முழங்கைகளைத் தூக்கினேன். அழுத்தினேன், தூக்கினேன். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை அதுதான். உம் உடம்பு ஈர ரப்பர்ப் பாளம் மாதிரி கையில் வழுக்கியது. மாணிக்கம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கை ஓயத் தொடங்கியது. போய்விட்டார் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லியும்விட்டேன்.

அப்போது அஞ்சலை வந்து உம் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உம்மைப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே பார்த்துப் பேசினாள். பக்கத்தில் நிற்கும் ஆளிடம் பேசுவது போல, தாழ்ந்த குரலில்.

"என்னங்க, இவரு வேணாங்க. புள்ளகுட்டிக்காரரு. நீங்க மட்டும் போங்க. நான் இனிமே கூப்புட மாட்டேன்."

நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். உம் விலா என் உள்ளங்கைக்குக் கீழே தானாக ஒருமுறை ஏறியது. பிறகு இருமினீர்.

குணமான பிறகு நீர் செய்த முதல் வேலை அந்தப் பெட்டியைப் பிளந்து பார்த்ததுதான். உள்ளே ஓர் இணைப்பு விட்டுப் போயிருந்தது. அதற்குப் பின்னால் தங்கியிருந்த மின்சாரத்தைக் கோல் தொடவில்லை. தூக்கிய அசைவில் இணைப்பு ஒட்டிக்கொண்டு உம் கையில் இறங்கிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்ததும் உமக்கு முகம் மலர்ந்ததே, அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உம்மைக் காப்பாற்றியது என் கை என்று எல்லாரிடமும் சொன்னீர். அஞ்சலை பேசியதை நான் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டீர். பாவம் பிள்ளை என்றீர்.

அதன் பிறகு விளக்கு மங்கவுமில்லை, சுவிட்ச் விழுந்தபோது எரியவுமில்லை. துரை, எஞ்சினின் டீசல் செலவு குறைந்ததென்று அக்கம்பக்கத் தோட்டங்களில் சொல்ல, உம்மை அங்கெல்லாம் கூப்பிட்டார்கள். அஞ்சலை சாப்பிடத் தொடங்கினாள். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்த மூலைப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. கெடுபிடி தளர்ந்து வேலியைப் பிரித்த பிறகு குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். பிள்ளை படித்து நல்ல நிலைக்கு வந்ததாகக் கேள்வி. நான் தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வந்தேன். பாச்சாங்கில் உம் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடக்கும் தூரம். ஞாயிறுதோறும் தேநீர் குடித்தோம், அரசியல் பேசினோம், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தோம். அந்த நாளைப் பற்றி நீர் பேசினால் இணைப்பு விட்டுப்போன கதையைத்தான் பேசுவீர். நானும் கேட்டுக்கொள்வேன்.

உம்மிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு.

இனிமே கூப்பிடமாட்டேன் என்று அவள் சொன்னதற்கும் உம் விலா ஏறியதற்கும் நடுவில், கம்பிக்கு அந்தப் பக்கம் சருகுகள் மிதிபட்டன. பூட்ஸ் கால். அவசரமில்லாமல் நாலைந்து அடி வைத்து, மரங்களுக்கிடையே காட்டுப் பக்கமாகப் போயிற்று. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மரங்களில் ஓர் இலை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை அந்தப் பக்கம் ஆள் இல்லை. காற்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கோபுரத்துக் காவலர் அந்தச் சத்தம் போகும் வழியிலேயே மெல்ல மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். துப்பாக்கியை எடுக்கவில்லை. சத்தம் ஓய்ந்ததும் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

உம்மிடம் சொல்லியிருந்தால் நீர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பீர். அது சரியான காரணமாகவும் இருந்திருக்கும். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அன்று முதல் அந்தக் காலடிச் சத்தத்தை நான் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். தொழில் காரணமாக எத்தனையோ பேருடைய கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விரல் நாடியில் இருக்கும், காது வெளியே இருக்கும்.

மலாக்கா ஆஸ்பத்திரியில் உம் கட்டிலருகேயும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நீர் கண்ணை மூடிய பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். வராந்தாவில் சத்தமில்லை, ஜன்னலுக்கு வெளியே புல்தரையிலும் சத்தமில்லை. உம்மை யாரும் வந்து அழைத்துப் போகவில்லை. நீராகவே எழுந்து போனீர். அந்த நிம்மதி எனக்கு இருக்கிறது.